வீட்டுக்கு மேற்படி வந்திருக்கு

ஹலோ... ஹலோ... டாக்டரம்மாங்களா?... அஸ்பியா டாக்டரம்மா?... ஆங், வணக்கம் மேடம். சாப்ட்டாச்சுங்களா?... சரி, சரி. கிளினிக்குல கூட்டமா இருக்கா. சுருக்கமா சொல்லி முடிச்சிடறேன்.

நாராயணப்பன் பேசறேன் மேடம்.

...பாகலூருங்க.

...எந்த நாராயணப்பனா? என்னா மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க. நீங்க கேஸ் போட்டிருக்கீங்களே, அந்த நாராயணப்பன்.

ஹலோ... ஹலோ... மேடம், வெச்சுடாதீங்க. ஒரே நிமிஷம்... ஆமா, ஆமா, இது என் நம்பர் இல்ல. எங்க வீட்டுக்காரி முனிலட்சுமி நம்பர். என் நம்பரைத்தான் நீங்க பிளாக் பண்ணி வெச்சிருக்கீங்களே... குத்தமா சொல்லல மேடம். தினம் காலையில குட் மார்னிங் சொல்லி, கூடவே தடுப்பூசி ஆபத்துன்னு ஒரு வீடியோவும் அனுப்பினா யாரா இருந்தாலும் பிளாக் பண்ணத்தான் செய்வாங்க. எங்க மச்சானே பண்ணிட்டான்.

...தெரியும் மேடம். நாளைக்கு வாய்தா. எதிர்தரப்போட பேசக்கூடாதுன்னு எங்க வக்கீல் விஜயகுமார் சாரும் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கார். நான் கேஸ் விஷயமா கூப்பிடல... சமரசம் பேசவும் இல்ல...

மாடா? இல்ல மேடம், மாட்டைக் குடுக்கறதுக்கும் கூப்பிடல.

...நான் எங்க மாத்திப் பேசறேன்? ஃபிளெக்ஸ்ல போட்டது போட்டதுதான். உங்க கிளினிக்குக்கு நேர் எதிர்லயே கட்டியிருக்கேன், நீங்க ஜன்னலைத் திறந்தாலே தெரியும். 'கிருமியாலதான் அந்த நோய் வருதுன்னு அறிவியல் ஆதாரம் காட்டறவங்களுக்கு இன்ஸ்பெக்டர்ங்கற எங்க எருது பரிசு.' நீங்க கட்டு கட்டா பேப்பர் தூக்கிட்டு வந்தீங்க. இது பேப்பரு, ஆதாரம் இல்லன்னு நான் சொன்னேன். நீங்க நேரா கோர்ட்டுக்குப் போயிட்டீங்க... நீங்க மாட்டுக்கு ஆசைப்படலன்னு எனக்கும் தெரியும் மேடம். ஊரறிய நான் ஒத்துக்கணும், அதான? அதை ஜட்ஜ் ஐயா பாத்துக்குவார். இப்ப அது வேணாம்.

ஒரு சின்ன சந்தேகம். கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பொதுவா கேக்கறேன்... ரெக்கார்ட் கிக்கார்ட் பண்ணலையே?... இல்ல, குரல் கொஞ்சம் எதிரொலிக்குது, அதான் கேட்டேன்... ஓ, எக்ஸ்ரே ரூமுக்கு வந்துட்டீங்களா. நல்லதாப் போச்சு.

வந்து... எங்க வீட்டுக்கு அம்மா வந்திருக்கு மேடம்.

...எங்க அம்மாவா? எங்க அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சுங்களே... மாமியாரா? அவங்க அத்திப்பள்ளியில அவங்க வீட்டுல நல்லா இருக்காங்க. அந்த அம்மா இல்ல மேடம்... சாமி ஆடறதா? ஐயோ, எங்க வீட்டுல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்ல. இது வேற. இது மேல வர்றது... உடம்பு மேல வர்றது...

மேடம், உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. வேணும்னே என் வாயால சொல்ல வைக்கப் பாக்கறீங்க.

...அந்தப் பேரை நான் சொல்லக்கூடாதுங்க. வக்கீல் சார் ஆர்டர். பேரைச் சொன்னாலே அப்படி ஒண்ணு இருக்குதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். அதனாலதான கோர்ட்டுல கூட நான் 'மேற்படி', 'மேற்படி'ன்னே சொல்லிட்டு நின்னேன். ஜட்ஜ் ஐயாவே ஒரு தடவை சிரிச்சுட்டார்... ஆமா. அதேதான். நீங்க இருக்குதுங்கறீங்க, நான் இல்லைங்கறேன், அது.

அந்த மேற்படி எங்க வீட்டுக்கு வந்திருக்கு.

...பாப்பாவுக்கு. ஸ்வாதிக்கு... ஒண்ணாவது படிக்கிறா மேடம்.

...ஹலோ? லைன்ல இருக்கீங்களா?... சரிங்க. கேளுங்க, சொல்றேன்.

காய்ச்சல் மூணு நாலு நாளா இருக்கு... இருமல் இருக்கு. மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கு. கண்ணு ரெண்டும் செவந்து தண்ணி ஊத்துது. வெளிச்சம் பட்டா முகத்தைத் திருப்பிக்கறா... ஆமா, காதுக்குப் பின்னாலதான் முதல்ல வந்துச்சு. எப்படிக் கரெக்டா சொல்றீங்க?... அப்புறம் நெத்தி, முகம், இப்ப கழுத்து நெஞ்செல்லாம் இறங்கிருச்சு... ஆமா... ஆமா... ஆமாங்க, அதே மாதிரிதான்.

மருந்தா? வேப்பிலை அரைச்சுப் பூசியிருக்கேன். இளநி குடுத்தேன்... இல்ல மேடம், டாக்டர் யாரையும் பாக்கல. எங்க வாட்ஸப் குரூப்புல கேட்டேன்... 'ஊசியில்லா வாழ்வு ஓசூர்', அந்த குரூப்தான். காலையில இருந்து கேட்டுட்டே இருக்கேன்... என்னா சொன்னாங்களா? 'இந்த மாதிரி விஷயமெல்லாம் நீங்கதான் ஐயா எங்களுக்குச் சொல்லணும்'னு கும்பிடு போட்டு அனுப்பறாங்க. அட்மின் நான்தான மேடம். எனக்கு மேல கேக்கறதுக்கு ஆளே இல்ல.

...சிரிச்சுக்கோங்க. பரவால்ல.

உண்டவே முனிலட்சுமி, கொஞ்சம் இரு, பேசிட்டுத்தான இருக்கேன்... அந்தம்மா லைன்லதான் இருக்காங்க... இல்ல, திட்டல... இதுவரைக்கும் திட்டல.

...சொல்லுங்க மேடம்... பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களா? யாரும் வரலைங்க. வாசல்ல வேப்பிலைக் கொத்து கட்டிட்டேன்... நானேதான் கட்டினேன். யாரும் உள்ள வரக்கூடாதுன்னுதான்... எதுக்கா? எதுக்குன்னா... மத்த பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கு...

...

மேடம், இதை எழுதிக்கிட்டீங்களா?

...இல்ல, ஒட்டிக்கும்னு நான் சொல்ல வரல. அது ஒரு ஐதீகம். வழக்கம். எல்லா வீட்லயும் கட்டறாங்க, நானும் கட்டினேன்... என்னா ஒட்டுதுன்னு கேட்டா நான் என்னாங்க சொல்றது? உடம்புச் சூடு ஒட்டுமான்னா?... ஒட்டாதுதான்... நல்லா மடக்கறீங்க மேடம். உங்க வக்கீலை விட நீங்களே மேல்.

சரி, சரி. பாக்கறேன்... வாய்க்குள்ளயா? கன்னத்துக்கு உள்பக்கம், கடவாப் பல்லுகிட்ட. டார்ச் அடிச்சு... இருங்க, என் போனை எடுத்துக்கறேன்.

பாப்பா, ஸ்வாதி கண்ணு, ஆ காட்டுடா... இன்னும் பெருசா... அப்படித்தான், அப்பா விரல் விட்டு கன்னத்தை லேசா இழுக்கறேன், கடிச்சுடாத... முனிலட்சுமி, தலையைப் பிடிச்சுக்கோ... இந்தப் பக்கம்...

...

மேடம்.

இருக்குது மேடம். உப்பைத் தூவி விட்ட மாதிரி சின்னச் சின்னதா வெள்ளையா. சுத்தியும் செவப்பு... நல்லாத் தெரியுது. கண்ணுக்கு நல்லாவே தெரியுது... இதுங்களா மேடம் கிருமி?... இல்லையா? அது வந்துட்டுப் போன அடையாளமா. சரி. சரி.

ஞாபகம் இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு மேடம். போன வாய்தாவுக்கு ஒரு போட்டோ காட்டினீங்க, ஒரு குழந்தை வாயைப் பொளந்துட்டு. இதே வெள்ளைப் புள்ளிங்க... ஆமா, நான்தான் அதை கிராபிக்ஸ்னு சொன்னேன்.

எம்பொண்ணு வாயில வந்து எவன் மேடம் கிராபிக்ஸ் பண்ணுவான்.

...இல்ல, பயப்படல. நான் ஏன் பயப்படறேன். எங்க லேத்து பட்டறையில ஒரு புஷ்ஷைக் கடைஞ்சா அளவு பாக்கற கேஜை விட்டுப் பாப்போம். உள்ள போச்சுன்னா ஓகே, போகலைன்னா ரிஜெக்ட். கிருமியை எந்த கேஜ்ல விட்டுப் பாக்கறதுன்னு எங்க வக்கீலை விட்டு உங்களைக் கேக்க வெச்சேனே, அப்ப பின்னாடி உக்காந்திருந்தவங்க கை தட்டினாங்க. இன்னைக்கு... சரி, அது எதுக்கு இப்ப. நீங்க மேல கேளுங்க.

...தடுப்பூசியா? பாப்பாவுக்கா? பொறந்தப்ப ஆஸ்பத்திரியில என்னைக் கேக்காமப் போட்டதோட சரி. அப்புறம் ஒண்ணும் போட விடல. எங்க வீட்டுல யாருக்கும் எதுவும் போடறதில்ல மேடம். அது எங்க கொள்கை.

...யாருக்கு? இன்ஸ்பெக்டருக்கா?

...அது வந்து... அவன் காதுல மஞ்சளா தொங்கறது கம்மல் மாதிரி ஒண்ணுங்க... ஃபிளெக்ஸ்ல அவ்வளவு தெளிவாவா தெரியுது? பிரிண்டிங்காரன்கிட்ட அன்னைக்கே சொன்னேன், என் முகத்தைப் பெருசாப் போடு, மாட்டைச் சின்னதாப் போடுன்னு. அவன் மாத்திப் போட்டுட்டான்... இல்ல மேடம், அழகுக்கு இல்ல. அது மாட்டோட ஆதாரு.

...ஆதாரம் இல்ல மேடம். ஆதாரு. மாட்டுக்கு கவர்மெண்டு குடுக்கற நம்பர்... ஊசி போட வர்றவங்கதான் மாட்டி விடுவாங்க... கோமாரி ஊசி... ஆமா, போட்டேன்... ஆமா, தவறாம போடறேன். ஊசி போடலைன்னா எருது விடற விழாவுல வாசல்லயே நிறுத்திடுவாங்க. அது மட்டும் இல்ல, பக்கத்துப் பட்டியில போன தடவை கோமாரி வந்து நாலு மாடு காலு வீங்கிப் படுத்துருச்சு. போடாம எப்படி மேடம் விடறது? அவனைக் கன்னுக்குட்டியில இருந்து நான்தான் வளக்கறேன். எங்கூட்டுப் பிள்ளை மாதிரி...

...

...

...கேட்டுச்சு மேடம். நீங்க சொன்னது கேட்டுச்சு. லைன் நல்லாத்தான் இருக்கு.

அதை மட்டும் திருப்பிச் சொல்லாதீங்க. முனிலட்சுமி பக்கத்துலயே நிக்கறா. ஸ்பீக்கர்ல வேற போட்டுட்டேன்.

...சரிங்க. சட்டையைத் தூக்கிப் பாக்கறேன்... தூங்கல, சொக்கிப் போய்க் கெடக்கறா. பாப்பா, லேசா சாஞ்சுக்கோ... மூச்சு வேகமாத்தான் விடறா. காய்ச்சல்ல அப்படித்தான இருக்கும்... விலாவுக்குக் கீழயா? இருங்க... இழுக்குது மேடம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழ பள்ளமா உள்ள போகுது... காலையில இப்படி இல்ல... தண்ணியா? ரெண்டு மடக்கு குடிச்சா, அதுவும் வாந்தி எடுத்துட்டா...

உடனேயா?

...இல்ல மேடம், யோசிக்கல. யோசிக்கல. அம்மா வந்திருக்கறப்போ பிள்ளையை வாசப்படி தாண்ட விடக்கூடாதுன்னு... முனிலட்சுமியா? அவ ஒண்ணும் சொல்லலைங்க. அவ துணி எல்லாம் பையில எடுத்து வெச்சுட்டு காலையில இருந்து செருப்புப் போட்டு நிக்கறா. நான்தான் சொல்லிட்டு இருந்தேன்.

வந்துடறேன். இப்பவே வந்துடறேன்... கார் இல்ல, சர்வீசுக்கு விட்டிருக்கு. குட்டி யானை வண்டி இருக்கு. இன்ஸ்பெக்டரை ஏத்திட்டுப் போவமே, அது. முன்னாடி சீட்டுல மூணு பேர் உக்காரலாம்... நேரா கிளினிக்குக்கா? சரி... பின்பக்கமா வரணுமா?

மேடம், ரொம்ப நன்றி மேடம். இவ்வளவு நடந்தும் என் மானம் போகக்கூடாதுன்னு நீங்க நினைக்கறீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்? முன்பக்கமா வந்தா அந்த ஃபிளெக்ஸ்ல என் மூஞ்சி, கீழ நானே பொண்ணைத் தூக்கிட்டு நின்னா, பாகலூர் ரோட்டுல போற வர்றவன் எல்லாம்...

...ஓ.

...அதுக்கு இல்லையா.

...முன்னாடி ஹால்ல கைக்குழந்தைங்க உக்காந்திருக்கா. அதுங்களுக்கு ஒட்டிடக்கூடாதுன்னா. சரிங்க. நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். சரி, பின்பக்கமே வர்றேன்.

யாருகிட்ட குடுக்கறீங்க?... நர்ஸா? சரி... ஹலோ, வணக்கம்மா... அனிதாவா. சொல்லும்மா... பேஷண்டு பேரு ஸ்வாதி... அப்பா பேரு நாராயணப்பன்... ஆமாம்மா, அந்த நாராயணப்பனேதான். ஃபிளெக்ஸ்ல இருக்கறவர்தான்... ஊரு பாகலூர்... என்ன கம்ப்ளெய்ண்டா?... மேற்படி.

...மே-ற்-ப-டி.

...இல்லம்மா, மேல்வலி இல்ல. மேற்படின்னா... டாக்டரம்மாவுக்குத் தெரியும், அவங்களைக் கேளு... அவங்க ஆக்சிஜன் ரெடி பண்ணப் போயிட்டாங்களா... ஆக்சிஜனா? எதுக்கும்மா ஆக்சிஜன்?... சும்மா ரெடியா வெக்கறதா... மேப்படியா? மாடிப்படியில இருந்து விழுந்துட்டாளான்னா கேக்கற? இல்லம்மா... ஐயோ...

தட்டம்மைம்மா. தட்டம்மை. எம்பொண்ணுக்குத் தட்டம்மை வந்திருக்கு. கன்னத்துல வெள்ளைப் புள்ளி இருக்கு, மூச்சு இழுக்குது, ஊசி ஒண்ணும் போடல, நான்தான் போட விடல. எழுதிக்கிட்டியா?... இன்னொரு தடவை வேணும்னாலும் சொல்றேன், தட்டம்மை. நல்லா பெருசா எழுதும்மா.

...டாக்டரம்மா வந்ததும் குடு. நான் லைன்லயே இருக்கேன்.

முனிலட்சுமி, சாவி எங்க?... ஆணியில இல்ல... இதோ இதோ, என் பாக்கெட்லயே இருக்கு. அந்தப் போன் அடிக்குது பாரு, யாருன்னு... வக்கீல் சாரா? இந்த நேரம் பாத்து... குடு, இந்தக் காதுல வெச்சுக்கறேன். சார், வணக்கம் சார்... ஆமா சார், நாளைக்கு பத்தரை மணிக்கு... என்னா பதில் சொல்லணுமா? நாளைக்கு நான் வருவனான்னே தெரியல சார்... உடம்புக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு நல்லாத்தான் இருக்கு... அப்புறம் கூப்பிடறேன் சார். எதிர்தரப்பு லைன்ல வெயிட் பண்றாங்க.

...கட் பண்ணிட்டார். என்னா நினைச்சாரோ.

ஆங் மேடம், சொல்லுங்க. கிளம்பிட்டேன். வாசலுக்கு வந்துட்டோம்... வீட்டுல வேற குழந்தையா? இருக்கான் மேடம். பையன். சிவராஜு. ரெண்டு வயசு நடக்குது... ரெண்டு பேரும் ஒரே பாயிலதான் படுத்தாங்க... இதுவரைக்கும் காய்ச்சல் இல்ல. ஆட்டம் போட்டுட்டுத்தான் இருக்கான்... அவனையும் கூட்டிட்டு வரணுமா? எதுக்கு?

...ஊசியா.

...சீக்கிரம் போட்டா அவனுக்கு வராம தடுக்க வாய்ப்பு இருக்கா... நிச்சயமாங்களா?... நிச்சயம்னு சொல்ல முடியாது, ஆனா போடாம விடறதுக்கு இது எவ்வளவோ மேல், அப்படியா. சரி. மேடம், அதுக்கு ஏதாவது ஆதா...

...

இல்ல, ஒண்ணுமில்ல. நான் ஒண்ணும் கேக்கல. போட்டுடுங்க மேடம். நானே மடியில வெச்சு கையைப் பிடிச்சுக்கறேன். போட்டுடுங்க.

முனிலட்சுமி, தம்பியையும் தூக்கிட்டு வா. அவனுக்கு ஊசி போடணும்... ஆமா, நான்தான் சொல்றேன்... என்னா?... என்னா சொல்ற?... எப்ப?...

...

மேடம். பையனுக்கு ஊசி வேணாம்.

...இல்ல மேடம், மறுபடி ஆரம்பிக்கல. கத்தாதீங்க. அவனுக்குப் போட்டாச்சாம்.

...எனக்கே இப்பதான் மேடம் தெரியுது. அத்திப்பள்ளியில, அவங்க அம்மா வீட்டுல... ஆமா, பிரசவத்துக்குப் போனவ ரொம்ப நாள் அங்கயே இருந்தா, அப்புறமும் மாசம் ஒரு தடவை அம்மாவைப் பாக்கணும்னு கிளம்பிடுவா. நானும் பாசம்னு நினைச்சேன். அந்தக் கர்நாடகாக்காரங்க ஊசியை எல்லாம் வரிசையா போட்டு விட்டிருக்காங்க... எல்லா ஊசியும் போட்டாச்சாம்... என்கிட்ட ஏன் சொல்லலையா? நானும் அதைத்தான் கேட்டேன். 'உன்கிட்ட சொல்லியிருந்தா எங்க அம்மா மேல கேஸ் போட்டிருப்ப'ங்கறா.

...நல்லா சிரிங்க மேடம். எனக்குக் கூட சிரிப்புத்தான் வருது. நான் ஊரெல்லாம் மீட்டிங் போட்டு ஊசி வேணாம்னு கத்தறேன், இவ பஸ் ஏறி செக்போஸ்ட்டைத் தாண்டி போட்டுட்டு வர்றா.

அப்ப ஏண்டி பாப்பாவுக்கு மட்டும் போடல? அவளையும் அங்கயே தூக்கிட்டுப் போயிருக்க வேண்டியதுதான?

...

...ஆமா.

...ஆமாமா, நான்தான். ஞாபகம் இருக்கு.

ஒண்ணும் இல்ல மேடம். அவளைத் தூக்கிட்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கா. நான்தான் பின்னாடியே போய் பஸ்ல இருந்து இறக்கிக் கூட்டிட்டு வந்தேன். பெருமையா வேற நினைச்சேன் அன்னைக்கு. எம்பொண்ணைக் காப்பாத்திட்டேன்னு.

...சரிங்க. பேசிட்டு நிக்கல. வண்டியை எடுக்கறேன்... ரயில்வே கேட்டெல்லாம் இல்ல, நேர் ரோடுதான். ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ்ஸுங்க ரோட்டுக்கு வர்றதுக்குள்ள வந்துடுவேன்.

ஏறு முனிலட்சுமி, தம்பியை மடியில வெச்சுக்கோ. பாப்பாவை நடுவுல... என்னாடா கண்ணு?... ஏன்?... கதவை விடுடா, கை நசுங்கிடும்... மேடம், ஒரு நிமிஷம். வெச்சுடாதீங்க. ஏற மாட்டேங்கறா. கதவுக் கம்பியைக் கெட்டியா பிடிச்சுட்டு விட மாட்டேங்கறா... ஊசி போடுவாங்களாங்கறா... போடுவீங்களா மேடம்?... ட்ரிப்ஸ் ஏத்தணும்னா குத்தித்தான ஆகணும்... சரி.

போடுவாங்கடா. ஒண்ணே ஒண்ணு. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்... ஒண்ணும் ஆகாது...

...மேடம், 'ஊசின்னா விஷம்னு நீதானப்பா சொன்ன'ங்கறா.

...சொன்னேன்டா தங்கம். சொன்னேன். அது அப்பா தெரியாம சொல்லிட்டேன். ஊசி நல்லதுதான்... என்னா?... மூச்சு வாங்குது, மெதுவாப் பேசுடா...

'நிரூபி'ங்கறா மேடம்.

...ஆறு வயசுங்க. மூச்சு விடவே முடியல, அதுலயும் இழுத்து இழுத்து 'நிரூபி'ங்கறா. என்கூட மீட்டிங்குக்கு எல்லாம் வந்து முதல் வரிசையில உக்காந்துக்குவா... இழுத்து உள்ள போட்டுடலாம்தான். ஆனா அவ கண்ணைப் பாத்தா பயமா இருக்கு மேடம். நான் அவளை விக்கறதுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி பாக்கறா. நீங்க சொல்லுங்களேன், ஸ்பீக்கர்லதான் இருக்கு... ஏய், டாக்டரம்மா பேசறாங்க, கேளுடா... காதைப் பொத்திக்கறா மேடம். உங்களைப் பத்தியும் நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்.

...

மேடம், ரெண்டு ஊசி எடுத்து வைங்க.

...இன்னொண்ணு எனக்கு. முதல்ல எனக்குப் போடணும். அவ பாக்கணும். அதுக்கப்புறம்தான் அவளுக்கு... என்னா ஊசியோ போடுங்க. எனக்கும்தான் சின்ன வயசுல ஒண்ணும் போடல, எது பாக்கியோ அதைப் போடுங்க... தண்ணி ஊசியா? வேணாம் மேடம். நிஜ ஊசியே போடுங்க. அவகிட்ட இனிமே பொய் சொல்ல முடியாது.

ஸ்வாதி, இங்க பாரு. அப்பா சட்டைக் கையை மடிச்சுட்டேன் பாரு. முதல்ல எனக்கு. இங்க, இந்த இடத்துல. அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ போட்டுக்க வேணாம். நாம திரும்பி வந்துடலாம்... ஆமா, சத்தியமா... ஆமா, பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ... இல்லடா, அழ மாட்டேன்... அழுதா நீ கண்ணைத் துடைச்சு விடு... சரி... சரிடா கண்ணு... கையைக் குடு...

மேடம், ஏறிட்டா. ஏறிட்டா மேடம். வெச்சுடறேன்.